வெற்றுக்குறியை நீக்கிய பிறகு

போன வாரம் உங்கள் அலுவலகத்தில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், ஒரு பைனரி மரத்தை எழுத்துச் சரமா மாத்தறப்போ, காலிக் கிளைக்கெல்லாம் எதுக்கு ஒரு குறி போடணும்? அங்கதான் ஒண்ணுமே இல்லையே?" நான் பதில் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. ஏறக்குறைய அதே வார்த்தைகளில், என்னோடு வேலை பார்த்த பிரபு என்னிடம் ஒருமுறை கேட்டிருக்கிறான். அன்று என்னால் அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதில் கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும். இதில் அப்படி முடியாது. படிக்க விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் உடல்நிலைக்காக நான் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தேன். வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். கீழே ஜெராக்ஸ் கடை. கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வருகிறவர்களின் வரிசை எங்கள் படிக்கட்டு வரைக்கும் நிற்கும். நிறுவனத்தை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அப்படியே இருக்கட்டும். நல்ல மனுஷர், ஆனால் முன்கோபி. அவர் காதுபட யாராவது "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ஆபீஸில் யாருக்கும் டீ இறங்காது.

எங்கள் கையில் இருந்த பெரிய வேலை பால் சங்கங்களுக்கானது, மாவட்டப் பால் ஒன்றியம் கொடுத்தது. ஒவ்வொரு ஊர் பால் சொசைட்டியிலும் கையடக்கமான ஒரு கருவி வைத்திருந்தோம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாட்டுக்காரர் வந்து அதை இயக்கலாம். கருவி ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லை என்றால் சிவப்பு. பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி வரும். கடைசியில் ஓர் ஆலோசனை வரும். மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லாத பக்கம், அதாவது காலிக் கிளை வந்தால், "அவசரம் இல்லை. நாளை டாக்டர் வரும்போது காட்டவும்" என்று திரையில் வரும். கேள்விகளை எழுதித் தந்தவர் ஒரு கால்நடை மருத்துவர். அவரோடு ஊர் ஊராகப் போய்க் கேள்விகளைச் சரிபார்த்து, ஒவ்வொரு கேள்வியிலும் ஆம், இல்லை என்று இரண்டாகப் பிரியும் பைனரி மரமாக வரைவது என் வேலை. அந்த மரத்தை எழுத்துச் சரமாக்கிக் குறுஞ்செய்தியில் கருவிகளுக்கு அனுப்பும் நிரல் பிரபுவுடையது.

மரம் குறுஞ்செய்தியில் போக வேண்டும் என்றால் அதை ஒரு வரிசையில் எழுத வேண்டும். உச்சிக் கேள்வியை எழுது. பிறகு இடப்பக்கம், அதாவது 'ஆம்' பக்கம், முழுக்க இறங்கி முடி. அப்புறம் திரும்பி வந்து வலப்பக்கம், 'இல்லை' பக்கம், போ. எந்தப் பக்கத்தில் கிளை இல்லையோ அந்த இடத்தில் # போடு. இந்தக் குறிக்கு வெற்றுக்குறி என்று பெயர் வைத்திருந்தோம். படிக்கிற கருவி இதைப் பார்த்துத்தான் "இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, திரும்பு" என்று தெரிந்துகொள்ளும். கேள்விக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஆலோசனைக்கு ஓர் எண். அவ்வளவுதான் சரம்.

மாடு கன்று போட்டபின் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும் ஒரு நோய் உண்டு. பால் காய்ச்சல் என்பார்கள். ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடுவதால் வருவது. டாக்டர் வந்து உடனே கால்சியம் ஏற்றினால் மாடு எழுந்து நின்றுவிடும். விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் செத்துப்போகும். இதற்கு டாக்டர் முதலில் எழுதியிருந்த கேள்வி "மாடு விழுந்து கிடக்கிறதா?" என்பது. ஆம் என்றால் "சமீபத்தில் கன்று போட்டதா?" என்று கேட்கும். அதற்கும் ஆம் என்றால் ஐந்தாம் ஆலோசனை, "உடனே டாக்டரைக் கூப்பிடவும்."

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சொசைட்டியில் இதைப் படித்துக் காட்டினோம். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்துவிட்டார்.

"வாயக் கழுவுங்க! கன்னு போட்ட மாட்ட வெச்சுக்கினு கீற வூட்ல, வுழுந்து கெடக்குதானா கேக்குறது? நல்ல வார்த்தையா ஒண்ணு வராதா உங்களுக்கு?"

டாக்டர் இந்தப் பக்கத்துக்காரர்தான். சிரித்துவிட்டு, "அந்தம்மா சொல்றது சரிதான் மேடம். எங்க வீட்லயே கேக்க மாட்டாங்க. 'எழுந்து நிக்குதா?'னு மாத்திக்கலாம்" என்றார். அங்கேயே மாற்றினோம். கேள்வி தலைகீழானதால் கிளையும் இடம் மாறியது. நிற்கிறதா? ஆம் என்றால் கவலையில்லை, அந்தப் பக்கம் காலி. ஆபத்து இப்போது 'இல்லை' பக்கம். மரத்தை நான் திருத்தி வரைந்தேன். சரமும் அதற்கேற்றபடி மாறியது. முன்பு AB5#### என்று இருந்தது, இப்போது A#B5### என்று ஆனது. கொஞ்ச காலம் அது சரியாகவே வேலை செய்தது.

பிறகு கார்த்திகை தீபம் வந்தது. உங்களுக்குத் தெரியும், பௌர்ணமி வந்தாலே கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் போன் வேலை செய்யாது. தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் அத்தனை ஜனம் இறங்கிவிட்டால் எந்த டவரும் திணறும். எங்கள் நீளமான சரங்கள் இரண்டு மூன்று செய்தியாக உடைந்து, ஒன்று போய் ஒன்று போகாமல் கருவிகள் பாதி மரத்தோடு நின்றன. பௌர்ணமிதோறும் இதே வம்பு. தீபத்துக்கு முன்னால் இதற்கு ஒரு வழி பண்ணு என்று சார் பிரபுவிடம் சொல்லியிருந்தார்.

பிரபு கெட்டிக்காரன். வேட்டவலம் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சரத்தில் பாதிக்கு மேல் வெற்றுக்குறிதான் என்று கண்டுபிடித்தான். அது உண்மை. எந்தப் பைனரி மரத்திலும் கணுக்களைவிட, அதாவது கேள்வி ஆலோசனைகளைவிட, ஒன்று அதிகமாகத்தான் காலி இடம் இருக்கும். "அக்கா, ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குக்கா இவ்ளோ இடம் குடுக்கறோம்?" என்று கேட்டுவிட்டு ஓர் உத்தி சொன்னான். ஆலோசனைக்குக் கீழே எப்போதும் ஒன்றும் கிடையாது, அதற்குக் குறி வேண்டாம். கேள்விக்கு இரண்டு கிளை இருந்தால் பெரிய எழுத்து, ஒரே கிளை என்றால் சின்ன எழுத்து. வெற்றுக்குறியே வேண்டாம்.

அழகான உத்தி. இன்றைக்கும் சொல்கிறேன், அழகானதுதான். சரங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஒரே செய்தியில் மொத்த மரமும் போனது. சோதித்தும் பார்த்தான். மரத்தைச் சரமாக்கி, அந்தச் சரத்தை மரமாக்கி, அதை மறுபடி சரமாக்கி, இரண்டு சரமும் ஒன்றா என்று பார்த்தான். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. சார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்து எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிவரச் சொன்னார்.

ஒரே கிளை என்று தெரிகிறது. அது எந்தப் பக்கத்துக் கிளை? சரத்தில் அது இல்லை. சரத்தைப் படிக்கும் கருவியில் அவன் ஒற்றைக் கிளையை இடப்பக்கமே மாட்டிவிட்டான். காரணம், எங்கள் மரங்களில் எல்லாக் கேள்வியும் "வயிறு உப்பியிருக்கிறதா?", "காய்ச்சல் இருக்கிறதா?" என்ற மாதிரிதான் இருக்கும். ஒற்றைக் கிளை என்றால் அது 'ஆம்' பக்கம்தான். நல்ல வார்த்தையில் கேட்க வேண்டும் என்பதற்காக மாற்றிய அந்த ஒரு கேள்வியில் மட்டும்தான் அது 'இல்லை' பக்கம். பழைய AB5####, புதிய A#B5### இரண்டும் அவன் முறையில் ab5 என்று ஒரே சரமாகிவிட்டன. வேறு வேறு இரண்டு மரங்களுக்கு ஒரே பெயர். சரத்தோடு சரத்தை ஒப்பிட்டால் இது எந்த ஜென்மத்திலும் தெரியாது.

தீபம் முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கிய ஒரு காலை. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சொசைட்டியின் செக்ரெட்டரி போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"மேடம், எங்க ஊர்ல மல்லிகான்னு ஒரு பொண்ணு. அது மாடு செத்துடுச்சு. கன்னு போட்டு படுத்துக்கிச்சாம். நேத்து மத்தியானம் இங்க வந்து மெஷின அமுக்கி பார்த்துக்கீது. நான் சாப்பாட்டுக்கு போயிருந்தேன். அவசரம் இல்லன்னு வந்துதாம். அது தப்பா அமுக்கிடுச்சு போல. ஊட்ல ஒரே சண்டை. அத கேட்டு சொல்லலாம்னுதான் பண்ணேன்."

சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "எல்லா மெஷினையும் நிறுத்து."

பிரபு பதறினான். "சார், இன்னா காரணம்னே இன்னும் தெரியல. அந்தம்மா தப்பா அமுக்கியிருக்கலாம். எல்லாத்தையும் நிறுத்திட்டா மத்த ஊர்ல மாட்டுக்கு எதனா ஆனா இன்னா பண்ணுவாங்க?"

"மெஷின் ஓடலன்னா டாக்டருக்கு போன் பண்ணுவாங்க. ஓடினா அத நம்பிக்கினு உட்கார்ந்திருப்பாங்க. காரணத்த அப்புறம் தேடலாம். நிறுத்துடா."

நிறுத்தினோம். அடுத்த கொஞ்ச நேரத்துக்கு ஊர் ஊராகப் போன் வந்து ஏசினார்கள். ஒன்றியத்து அதிகாரி கூப்பிட்டு யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கத்தினார். சார் மறுமுனை பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "தெரியாம ஓட்டறதவிட நிறுத்தறது நல்லது சார்" என்று மட்டும் சொன்னார். என் வேலைக்காலம் முழுவதிலும் ஒருவர் எடுத்து நான் பார்த்த சிறந்த முடிவுகளில் அது ஒன்று. காரணம் தெரியாதபோது எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம். இதை நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தது டாக்டர். மரத்தைப் பற்றிக் கேட்க நான் போன் செய்தபோது அவர் வேறு ஒன்றுக்காக அலுத்துக்கொண்டார். "இன்னா மேடம், உங்க மெஷின் என்னை வீணா அலைய வுடுது. போய்ப் பார்த்தா மாடு நல்லா நின்னுக்கினு தீனி தின்னுது. கன்னு போட்டுச்சுன்னா உடனே கூப்பிடுன்னு சொல்லிச்சாம்." நிற்கிற மாட்டுக்கு டாக்டர். விழுந்த மாட்டுக்கு அவசரமில்லை. ஒரு தாளை எடுத்து ab5 என்ற சரத்திலிருந்து மரத்தைக் கையால் வரைந்து பிரபுவின் முன்னால் வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று மாலைக்குள் வெற்றுக்குறிகளைத் திரும்பப் போட்டாயிற்று. ஒற்றை மரத்தைக்கூட விடாமல் கண்ணால் பார்த்தோம், நாங்கள் அனுப்பிய மரத்தையும் கருவி படித்த மரத்தையும் வரைந்து கிளைக்குக் கிளை ஒப்பிட்டோம். நிரலைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் இருந்தது.

ஒன்றியம் எழுத்தில் விளக்கம் கேட்டது. சார் ஒரு வரைவு எழுதி எனக்குக் காட்டினார். 'சாதனத்தைப் பயன்படுத்தியதில் ஏற்பட்ட குழப்பம்' என்று அதில் இருந்தது. அன்று காலையில் அத்தனை தைரியமாக எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்ன அதே மனிதர் எழுதியது. எனக்கு முதலில் புரியவேயில்லை.

"சார், அந்தம்மா சரியாத்தான் அமுக்கினாங்க."

"தெரியும்மா."

"அப்போ இது பொய்."

"பிரபு கல்யாணம் வெச்சிக்கிறான். நம்ம தப்புன்னு எழுதினா கான்ட்ராக்ட் போகும், அவன் பேரு கெடும். இங்க இத்தன பேர் சோறு திங்கறாங்க. அந்தம்மா யாருன்னே நமக்குத் தெரியாது. அந்த ஊர்ல நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. தன்னிடம் வேலை செய்கிறவர்களைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அதற்காக, தான் முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் மேல் பழியைப் போட்டார். நெருக்கடியில் மனிதர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிறவர்களை எண்ணுவார்கள், தெரியாதவர்களை விட்டுவிடுவார்கள். எனக்கு அவர் மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, மரியாதையும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பிரபு சொன்னான். "சார், வேணாம். நம்ம புரோகிராம் தப்புன்னே எழுதுங்க. இல்லாட்டி நானே போய் சொல்லிடுவேன்."

சார் அவனை நிமிர்ந்து பார்த்தார். வரைவைக் கிழித்தார். புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு எங்கள் இருவரிடமும் அவர் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவர் பயந்தபடியேதான் நடந்தது. கருவிகள் சரிசெய்த நிரலோடு மறுபடி ஓடின, ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் ஒன்றியம் புதுப்பிக்கவில்லை. அடுத்த தீபத்துக்கு அந்த மாடியில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கியது. பிரபு அதற்கப்புறம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. மாமனார் ஊரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பண்டிகைக்குப் பேசுவான், ஆனால் வேலையைப் பற்றிப் பேச மாட்டான். உண்மையைச் சொன்னதால் நன்மை வந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. வரவில்லை. இருந்தும் சொல்லியிருக்கத்தான் வேண்டும்.

ஒன்றியத்துக்கு எழுதினால் மல்லிகாவுக்கு எப்படித் தெரியும்? கடிதம் ஒரு பீரோவுக்குள் போய்விடும். கருவிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு பிரபுவும் நானும் அவளைப் பார்க்கப் பஸ் ஏறினோம். வழி நெடுக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் காடு. அவன் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓட்டு வீடு. வாசலில் வெறும் முளைக்குச்சி, பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி. மல்லிகா அதற்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் மாமியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் மாமியார்தான் பேசினார்.

"மெஷின் ஆளுங்களா? படிச்சுக்கீறேன் படிச்சுக்கீறேன்னு இது சொல்லும். பச்சை எது சிவப்பு எதுன்னு தெரியல. லட்சுமி மாதிரி இருந்த மாட்ட கொன்னுட்டு உட்கார்ந்துக்கினு கீது."

மல்லிகா தலையைத் தூக்கவில்லை. அந்தப் பேச்சை அவள் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "இவங்க சரியாத்தான் அமுக்கினாங்க. மெஷின்தான் தப்பா சொல்லிச்சு. எங்க தப்பு. அத சொல்லத்தான் வந்தோம்."

"நான் பண்ண தப்பும்மா" என்றான் பிரபு.

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் தப்பா இருந்தா இன்னா? போன மாடு வந்துடுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நாங்கள் மூன்று பேரும் கன்றும்தான். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. புட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சிவப்பத்தான் அமுக்கினேன் மேடம்" என்றாள். "நிக்குதான்னு கேட்டுச்சு. நிக்கலன்னு சிவப்ப அமுக்கினேன். சொன்னா யாரும் நம்பல. அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. பச்சையத்தான் அமுக்கிட்டமோன்னு."

"இல்ல. சிவப்புதான். நீங்க சொன்னது சரி."

கன்று அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இப்போ சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டோம்."

"இப்போ ஒருத்தர் போய், மாடு நிக்கலன்னு சிவப்ப அமுக்கினா இன்னா சொல்லும்?"

"கன்னு போட்டுச்சான்னு கேக்கும். ஆமான்னா, உடனே டாக்டர கூப்பிடச் சொல்லும்."

மல்லிகா தலையை ஆட்டினாள்.

"எனக்குச் சொல்லல" என்றாள்.